உளிக்கு வரி உண்டு, உரிமை உண்டா?

தாம்பரம் கடந்து, வண்டலூர் கடந்து, தெற்கு நோக்கி ஓடும் நெடுஞ்சாலைக்கு வெள்ளையன் வைத்த பெயர் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. அவ்வளவு நீளம் நம் நாவுக்கு ஒத்துவராது என்று மக்கள் மூன்றே எழுத்தில் சுருக்கினார்கள் — ஜி.எஸ்.டி. ரோடு! அந்தச் சாலையோரத்து ஊர்தான் ஊரப்பாக்கம். 2017 ஜூலை முதல் நாள், அதே மூன்றெழுத்துக்கு டில்லி இன்னொரு பொருள் கொடுத்தது. சரக்குக்கும் சேவைக்கும் வரி! சாலைக்கும் அதே பெயர், வரிக்கும் அதே பெயர். ஒரே ஒரு வேறுபாடு. சாலை ஊரைக் கடந்து போய்விடுகிறது. வரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது!

ஊரப்பாக்கத்துப் படிப்பகம் ஒன்றில் சென்ற ஞாயிறு மாலை பேசும்போது இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். இருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த இருவரும் என்னிடம் வந்தார்கள்.

ஒருவர் முப்பது வயதைத் தொடாத இளைஞர். கணினிப் படிப்பு படித்தவர். மற்றவர் அறுபதைத் தாண்டிய முதியவர். மாமல்லபுரத்துச் சிற்பி, மகள் வீட்டுக்கு வந்தவர், மாலை நேரத்தில் பேச்சுக் கேட்க வந்திருக்கிறார்.

"அண்ணே, வரியைப் பத்திச் சிரிக்கச் சிரிக்கப் பேசினீங்க. எனக்கு வந்திருக்கிற கடிதத்தைப் பார்த்தா உங்களுக்குச் சிரிப்பு வராது" என்றார் இளைஞர்.

கதை இதுதான். துபாய் சென்றார். எந்தக் கம்பெனிக்கும் சம்பளக்காரராக அல்ல. சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் அனுமதி பெற்று! இரண்டு மூன்று கம்பெனிகளுக்கு வேலையை முடித்துக் கொடுப்பார், பில் போடுவார், பணம் வரும். அங்கே தனி ஆளுக்கு வருமானவரி இல்லை. ஆகவே இங்கேயும் இல்லை என்று நிம்மதியாக இருந்தார். இப்போது அந்தப் பணத்துக்கு இங்கே வரி கட்டு என்று கேட்டு வந்திருக்கிறது.

"எந்தத் தேதியில் புறப்பட்டாய், தம்பி?"

"2024 அக்டோபர் முதல் தேதி, அண்ணே."

முதியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்காவது பணம் கேட்டு ஒரு கடுதாசி வந்தது, தம்பி. நான் முப்பது வருசம் மலேசியா, சிங்கப்பூர், மொரீசியஸ்னு கல்லு செதுக்கப் போனவன். உயிரோட இருக்கியான்னு கேட்டு எனக்கு ஒரு கடுதாசியும் வரல்லே."

சொல்லிவிட்டு இருமினார். இருமல் நிற்க நெடுநேரம் ஆயிற்று. உளியால் கொத்திய காலத்தில் சில்லு தெறித்தது. மிஷினால் அறுக்கும் காலத்தில் கல் மாவாகப் பறக்கிறது. அந்த மாவு அவர் நெஞ்சில் படிந்துவிட்டது. நாலு நாட்டுப் பணத்தைப் பார்த்த கைக்கு, ஒரு நாட்டு ஓய்வூதியமும் இல்லை!

பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். சட்ட நூல்களைப் புரட்டிப் பழகியவன் அல்ல. ஆனால், பாடுபட்டவன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடாமல் தூங்கப் பழகியவனும் அல்ல. மறுநாளே தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைத் துளைத்தெடுத்தேன். அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன். அயல்நாடு செல்லும் தம்பி, அனுப்பி வைக்கும் தாய், இருவரும் படிக்க வேண்டும் என்பதற்காகவே வைக்கிறேன்.

மூன்று நாளில் முளைத்த வரி

முதலில் இளைஞரின் கணக்கைப் பார்ப்போம்.

வருமானவரிச் சட்டம் ஒருவருடைய குலத்தைக் கேட்பதில்லை, கோத்திரத்தைக் கேட்பதில்லை. அந்த மட்டில் நல்ல சட்டம்தான்! அது கேட்பது ஒன்றே ஒன்று: ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் இந்த மண்ணில் எத்தனை நாள் இருந்தாய்?

வேலைக்காக நாட்டைவிட்டுப் புறப்படும் இந்தியக் குடிமகன், அந்த ஆண்டில் இங்கே 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால், அவன் "குடியிருப்பவன்". குடியிருப்பவன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். 182-க்குக் குறைந்தால் அவன் "குடியிராதவன்". அவன் அயல்நாட்டில் உழைத்து, அங்கேயே பெற்ற பணத்தின்மீது இங்கே வரி இல்லை.

இளைஞர் புறப்பட்டது அக்டோபர் முதல் நாள். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டு 31, செப்டம்பர் 30, கூட்டினால் 183. புறப்பட்ட நாளையும் சேர்த்தால் 184. வந்தது வினை! அவரே செப்டம்பர் 28-ஆம் நாள் விமானம் ஏறியிருந்தால் 181 நாள், குடியிராதவர். மூன்று நாள்! உறவினர் வீட்டு விருந்துக்காக நின்ற மூன்று நாள், ஆறு திங்கள் உழைப்பின்மீது வரியாக முளைத்துவிட்டது. துபாயில் அவர் வரி எதுவும் கட்டவில்லை. ஆகவே, அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள் என்று கேட்கவும் வழியில்லை.

சட்டம் மறைத்து வைத்துப் பிடிக்கவில்லை, எழுதித்தான் வைத்திருக்கிறது. ஆனால் யாருக்குத் தெரியும்படி எழுதியது? பெரிய கம்பெனி தன் ஊழியரை அனுப்பும்போது, தேதி பார்க்க ஆடிட்டர், தாள் பார்க்க வழக்கறிஞர், பெட்டி தூக்க ஆள் என்று ஒரு படையே உடன் நிற்கிறது. தன்னந்தனியே போகிறவனுக்கு யார் நாள் பார்த்துச் சொல்வது? நம் வீட்டில் நாள் பார்ப்பார்கள்; ராகு காலம் பார்ப்பார்கள், எமகண்டம் பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய அந்த 182-ஐப் பார்க்க மாட்டார்கள்!

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. "வேலைக்காக" நாட்டைவிட்டுப் போகிறவருக்குத்தான் இந்த 182 நாள் சலுகை. மற்றவருக்கு 60 நாளே போதும். அதற்கு முந்திய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இங்கே இருந்தவராயின் குடியிருப்பவராகிவிடுவார். அப்படியானால் "வேலை" என்பது சம்பள வேலை மட்டுமா? சொந்தத் தொழில் செய்யப் போகிறவன் வேலை இல்லாதவனா? இந்தக் கேள்வி நீதிமன்றம் ஏறியது. கேரள உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று, 2011-ஆம் ஆண்டின் வரித் தீர்ப்புத் தொகுப்பில் இடம் பெற்றது. அயல்நாட்டில் சொந்தத் தொழிலோ, வாணிபமோ செய்யப் போவதும் அந்தச் சொல்லில் அடங்கும் என்று அது சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால், ஏழை ஒருவன் நீதிமன்றப் படி ஏறித்தான் ஒரு சொல்லுக்குப் பொருள் காண வேண்டுமா? 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதிய வருமானவரிச் சட்டம் இயற்றினார்கள். 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து அது நடைமுறை. சட்டத்தை எளிமையாக்குகிறோம் என்றார்கள். சொந்தத் தொழிலும் வேலையே என்று ஒரு வரி எழுதியிருந்தால், அதைவிட எளிமை வேறு ஏது?

2020-ல் நடந்ததையும் மறக்க வேண்டாம். எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இங்கே குடியிருப்பவனாகக் கருதுவோம் என்று அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஒரு விதி வந்தது. வளைகுடாவில் வெயிலில் வேகும் நம்மவர் வயிற்றில் புளியைக் கரைத்தது. மறுநாளே நிதி அமைச்சகம், உண்மையாக உழைக்கப் போனவரை இது குறிக்கவில்லை என்று விளக்கம் தந்தது. பிறகு, இந்திய மண்ணிலிருந்து வரும் வருமானம் 15 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ளவருக்கு மட்டும் என்று விதி சுருங்கியது. மக்கள் கேட்டால் சட்டம் திருந்தும் என்பதற்கு இது சான்று. கேட்டால்தான் திருந்தும் என்பதற்கும் இதுவே சான்று!

வரி கட்டாதே என்று நான் சொல்ல வரவில்லை. வரிப்பணத்தில்தான் பள்ளிக்கூடம், வரிப்பணத்தில்தான் மருத்துவமனை. ஏய்ப்பவன் நமக்கு நண்பன் அல்லன். ஒரே வருமானத்துக்கு இரு நாடும் வரி பிடுங்கக் கூடாது என்பதற்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளோடு இந்தியா ஒப்பந்தம் செய்திருக்கிறது. அமெரிக்காவோடு 1989-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், கலைத்தொழில் உள்ளிட்ட சொந்தத் தொழில் செய்வோருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அங்கே நிலையான இடம் எதுவும் இல்லாமல், வரியாண்டில் 90 நாளுக்குக் குறைவாகத் தங்கி வேலை செய்து திரும்பும் சிற்பியின் வருமானத்துக்கு இங்கே மட்டுமே வரி. வரி என்று வந்தால் சிற்பியும் டில்லியின் கண்ணுக்குத் தெரிகிறான். அவனுக்கென்று தனிப் பிரிவு எழுதுகிறார்கள். மகிழ்ச்சி!

அந்த ஒப்பந்தத்திலேயே இன்னொரு வாசகம் இருக்கிறது: அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு வரி இதில் அடங்காது! அங்கேதான் முதியவரின் கதை தொடங்குகிறது.

கட்டியது எங்கே? கிடைப்பது எப்போது?

சமூகப் பாதுகாப்பு என்றால் என்ன? உடல் உரம் உள்ளபோது வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டி வைப்பது. முதுமையிலும் நோயிலும் அதைத் திரும்பப் பெறுவது. அமெரிக்கா இதை 1935-ல் சட்டமாக்கியது. சொந்தத் தொழில் செய்வோரையும் 1951 முதல் அதற்குள் கொண்டுவந்தது. இன்று அங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவராகி, சொந்தத் தொழிலில் சம்பாதிக்கிறவர், நிகர வருவாயின்மீது 15.3 விழுக்காடு விகிதத்தில் இதற்கெனக் கட்ட வேண்டும். சம்பளக்காரனாயின் பாதியை முதலாளி கட்டுவான். தானே முதலாளி, தானே தொழிலாளி என்பவனுக்கு இரண்டு பங்கும் அவன் தலையில்.

கட்டட்டும், கட்டினால் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும், பத்தாண்டு உழைத்தால்! நாற்பது காலாண்டுப் புள்ளிகள் சேர்ந்தால்தான் ஓய்வூதியம். மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவன் கட்டிய பணம் கட்டியதுதான். அவன் கைக்கு வராது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இதுபற்றி ஒப்பந்தம் இல்லை. பேச்சு உண்டு, ஆண்டுக்கணக்காகப் பேச்சு உண்டு. கையெழுத்துத்தான் இல்லை!

இங்கிலாந்திலும் குறைந்தது பத்தாண்டுக் கணக்கு இருந்தால்தான் அரசு ஓய்வூதியம். சிங்கப்பூரிலோ வேறு கதை. அங்கே மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். உரிமத்தின்பேரில் வேலைக்குப் போகும் நம்மவருக்கு அதில் கணக்கே இல்லை. ஓரிடத்தில் கட்டி இழக்கிறான்; ஓரிடத்தில் கட்டவே வழியின்றி நிற்கிறான். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்: முதுமையில் வெறுங்கை!

இந்தியா எதுவுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது. மறைக்க மாட்டேன். 2006-ல் பெல்ஜியத்தோடு முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2009 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பிறகு பிரான்சு, ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று வரிசை நீண்டது. அவற்றின் பயன் சிறியதல்ல. இங்குள்ள கம்பெனி அனுப்பி வைக்கும் ஊழியர், இங்கே வைப்பு நிதி கட்டிக்கொண்டே போகலாம். அங்கே இரண்டாம் முறை கட்ட வேண்டியதில்லை. முழுமையான ஒப்பந்தம் உள்ள நாடுகளில், இங்கே உழைத்த ஆண்டும் அங்கே உழைத்த ஆண்டும் கூட்டிப் பார்க்கப்படும். 2025 ஜூலை 24-ல் இங்கிலாந்தோடு வாணிப ஒப்பந்தம் கையெழுத்தானபோதும், தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியருக்கு மூன்றாண்டு விலக்கு என்ற ஏற்பாடு பேசி முடிக்கப்பட்டது.

நல்லது. ஆனால் கவனியுங்கள்: "அனுப்பப்படும் ஊழியர்"! விலக்குப் பெற ஒரு சான்றிதழ் காட்ட வேண்டும். சான்றிதழைத் தருவது வருங்கால வைப்பு நிதி நிறுவனம். அது யாருக்குத் தரும்? தன்னிடம் கணக்கு உள்ளவருக்கு. கணக்கு யாருக்கு? 1952-ல் பிறந்த வைப்பு நிதிச் சட்டம் நிறுவனங்களின் ஊழியருக்காக எழுதப்பட்டது. உளியை மட்டும் துணையாகக் கொண்டு போகும் சிற்பிக்கு நிறுவனம் ஏது? நிறுவனம் இல்லை, ஆகவே கணக்கு இல்லை. கணக்கு இல்லை, ஆகவே சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை, ஆகவே விலக்கு இல்லை! பூட்டுக்குள் பூட்டு, சாவியோ பெட்டிக்குள்!

உலகம் முழுவதும் இப்படித்தானா? இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 மே முதல் ஒரு விதி நடக்கிறது. போலந்து நாட்டுக் கொத்தனார் ஒருவர்; யாருக்கும் சம்பளக்காரர் அல்லர். தம் நாட்டில் பங்கு கட்டி வருகிறார். ஜெர்மனிக்கு அதே தொழிலைச் செய்யப் போகிறார். இருபத்துநான்கு திங்களுக்கு மேற்படாத வேலையானால், தம் நாட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். அங்கே மறுபடி கட்ட வேண்டாம். போலந்துக் கொத்தனாருக்கு உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பிக்கு இல்லை. போலந்துக்காரர் கையில் இருப்பதும் கரணைதானே? நம்மவர் கையில் இருப்பது என்ன, களிமண்ணா?

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எழுத்தாளர், ஓவியர், சிற்பி முதலிய சுதந்திரக் கலைஞருக்கென்று 1983 முதல் தனிக் காப்பு நிதி நடத்துகிறது. கலைஞர் பாதி கட்டுகிறார். மறுபாதியை, கலையை விலைக்கு வாங்கிப் பயன்பெறும் நிறுவனங்களும் அரசும் கட்டுகின்றன. கலைஞனுக்கு முதலாளி இல்லாவிட்டால் என்ன, அவன் கலையால் பயன்பெறுகிறவர் இருக்கிறாரே, அவர் கட்டட்டும் என்கிறது அந்தச் சட்டம்.

கல்லுக்குச் சான்றிதழ், கைக்கு?

நம் சிற்பிகள் எளியவர்களா? 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கிற்று. இன்று அது கல்லூரி. அங்கே ஆசானாக இருந்து பல தலைமுறைச் சிற்பிகளை உருவாக்கிய கணபதி ஸ்தபதிதான், குமரிமுனையில் கடல் நடுவே 133 அடி உயரத்தில் ஐயன் வள்ளுவனை எழுப்பினார். 2000 ஜனவரி முதல் நாள் அந்தச் சிலை திறக்கப்பட்டது. ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் காவாய் என்னும் தீவில், 2023-ல் நிறைவு பெற்ற கருங்கல் கோயிலின் வடிவமைப்பும் அவருடையதே. பசிபிக் மாக்கடலின் நடுவே தமிழ்நாட்டுச் சிற்பிகள் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கல்லோடு கல்லாய் உழைத்தார்கள். செதுக்கியது தெய்வமா, வள்ளுவனா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. வியர்வைக்கு நிறம் ஒன்றுதான்!

2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். கல்லுக்குப் பிறந்த ஊர்ச் சான்றிதழ் கொடுத்தார்கள். கல்லைச் செதுக்கியவனுக்குக் காப்புச் சான்றிதழ் கொடுக்கவில்லை!

இங்கேயே தங்கிவிட்டால் அவன் நிலை மேலா? 2015-ல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. திங்களுக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. 2022 அக்டோபர் முதல், வருமானவரி கட்டுகிறவர் அதில் புதிதாகச் சேர முடியாது என்று விதி வந்துவிட்டது. ஆக, சிற்பி ஓராண்டு நன்றாகச் சம்பாதித்து வரி கட்டினால், வரி கட்டிய குற்றத்துக்காக அந்தக் கதவும் மூடும். அயல்நாடு போவோருக்கான பிரவாசி பாரதிய காப்பீடு விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தருகிறது. குடியேற்ற அனுமதி பெற்றே போக வேண்டிய குறைந்த படிப்புள்ள தொழிலாளருக்கானது அது. நல்ல திட்டந்தான். ஆனால் விபத்தில் செத்தால் பணம். வேலை செய்து செய்து மெல்லச் செத்தால்? கல்தூசியால் வரும் நெஞ்சு நோயைத் தொழில்நோய் என்று சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. அதற்கு இழப்பீடு கேட்கலாம், முதலாளியிடம்! தனக்குத் தானே முதலாளியாக இருப்பவன் கண்ணாடி முன் நின்றா கேட்பான்?

"அவன் சுதந்திரமாகத் தொழில் செய்கிறான், கூலியும் கூடுதல், அவனே சேமித்துக்கொள்ளட்டுமே" என்று சிலர் சொல்வார்கள். கணினித் தம்பியைப் போன்ற சிலருக்கு அது பொருந்தும். ஆனால் "ஒப்பந்தக்காரர்" என்று தாளில் எழுதப்பட்ட எல்லாருமா சுதந்திரர்? வேலை நேரத்தை யார் குறிக்கிறார்கள்? கருவி யாருடையது? நட்டம் யார் தலையில்? வேலையாளை மாற்றி அனுப்ப உரிமை உண்டா? இவற்றை வைத்துத்தான் பல நாட்டு நீதிமன்றங்கள் ஒருவன் ஊழியனா, ஒப்பந்தக்காரனா என்று தீர்மானிக்கின்றன. தாளில் எழுதிய பெயரை வைத்து அல்ல. வைப்பு நிதிப் பங்கையும் விடுப்பையும் மிச்சம் பிடிக்க, நேற்றுவரை ஊழியனாக இருந்தவனை இன்று "ஒப்பந்தக்காரர் ஐயா" என்று அழைக்கும் முதலாளிகள் உண்டு. மரியாதை கூடுகிறது, உரிமை குறைகிறது!

ஒரு கதவு திறந்தால் போதும்

என்ன செய்ய வேண்டும்? மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. 2020-ல் நாடாளுமன்றம் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதினைந்தாம் பிரிவில், சொந்தத் தொழில் செய்வோருக்கு ஒன்றிய அரசு திட்டம் வகுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. "வகுக்கலாம்" என்ற சொல்லில்தான் நம் சிற்பியின் முதுமை தொங்குகிறது. அதை "வகுத்தோம்" என்று மாற்றுங்கள்!

சொந்தத் தொழிலாளி தானே பங்கு கட்டும் கணக்கு ஒன்று திறக்கட்டும். அயல்நாட்டில் இருந்தபடியும் கட்ட வழி இருக்கட்டும். கணக்கு வந்தால் சான்றிதழ் வரும். சான்றிதழ் வந்தால், ஒப்பந்தம் உள்ள நாடுகளிடம் இவனையும் ஏற்றுக்கொள் என்று கேட்க வாய் வரும். இங்கே ஒரு திட்டமும் இல்லாமல் அங்கே விலக்குக் கேட்டால், "உன் நாட்டில் எங்கே கட்டுகிறான், காட்டு" என்று கேட்க மாட்டார்களா? இனிச் செய்யும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சொந்தத் தொழில் செய்வோருக்கு ஒரு பிரிவு வேண்டும். இதற்கெல்லாம் கருவூலம் காலியாகிவிடாது. கட்டப்போவது அவன் பணம். அவன் கேட்பது பிச்சை அல்ல, பெட்டியும் சாவியும்!

அயல்நாட்டோடு ஒப்பந்தம் செய்வது ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள அதிகாரம். அங்கே நம் கை எட்டாது. ஆனால் சமூகப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில் இருக்கிறது. அங்கே மாநிலமும் செயல்படலாம். கேரளம் 2008-ல் தன் மக்களுக்காகச் சட்டம் செய்தது. அயல்நாடு போனவர் மாதச் சந்தா கட்டினால், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று வழி கண்டது. சம்பளக்காரனா, சொந்தத் தொழிலா என்று பார்த்துக் கதவைச் சாத்தவில்லை. நம் மாநிலத்திலும் அயலகத் தமிழர் நலச் சட்டம் 2011-ல் வந்தது; 2022-ல் நல வாரியம் அமைந்தது. கேரளம் காட்டிய வழியில், சந்தா கட்டிப் பெறும் ஓய்வூதியத்தை நம் வாரியமும் உளி பிடித்தவன் கைக்கு எட்டச் செய்ய வேண்டும். வாரியம் மாமல்லபுரத்துக்குப் போகட்டும். ஐந்து ரதம் போகும் வழியில் உளிச்சத்தம் கேட்கும் பட்டறை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கிப் பெயர் எழுதட்டும்.

அதுவரை, புறப்படும் தம்பிகளே, நீங்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. கடவுச்சீட்டில் விழும் முத்திரைத் தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, ஏப்ரலிலிருந்து நாளை எண்ணுங்கள். போகும் நாட்டோடு வரி ஒப்பந்தம் உண்டா, சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் உண்டா என்று தனித்தனியே கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல. அங்கே வரி கட்டினால் ரசீதைத் தொலைக்காதீர்கள். இங்கே கழித்துக்கொள்ள அதுதான் சாட்சி. ஒப்பந்தத் தாளை, புரியும் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்ற ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். துபாயில் வரியே இல்லை என்றும் கண்ணை மூடாதீர்கள். அங்கே தனி ஆள் செய்யும் தொழிலின் ஆண்டு வரவு பத்து லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால், 2023-ல் வந்த தொழில்வரிச் சட்டத்துக்குள் வருவீர்கள். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 2009 முதல் எந்தக் குடிமகனும் சேரலாம். அயல்நாட்டில் வாழ்வோரும் சேரலாம். அயல்நாட்டு விலக்குக்கு அது உதவாது, முதுமைக்கு உதவும். முதல் வெளிநாட்டுப் பணம் வந்த அன்றே அதில் ஒரு பங்கைப் போடுங்கள். நகை பிறகு வாங்கலாம்.

அன்று இரவு முதியவரைப் பேருந்து ஏற்றிவிட ஜி.எஸ்.டி. ரோடு வரை நடந்தேன். நான் அவரிடம் கேட்டேன்: "சிலையில் கடைசியாகச் செய்யும் வேலை எது, ஐயா?"

"கண் திறக்கிறதுதான், தம்பி. மத்தது எல்லாம் முடிஞ்சாலும், கண்ணைத் திறக்கிற வரைக்கும் அது கல்லுதான்."

பேருந்து வந்தது. அவர் ஏறிப் போனார். டில்லியில் சட்டம் என்ற பெரிய சிலை ஒன்று நிற்கிறது. நீண்ட கை செதுக்கியிருக்கிறார்கள்; துபாய் வரை நீண்டு வரி வாங்குகிறது. அகன்ற காது செதுக்கியிருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பேசினால் கேட்கிறது. கண்ணை மட்டும் இன்னும் திறக்கவில்லை. திறந்தால், தன்னைச் செதுக்கும் உழைப்பாளி இருமிக்கொண்டு எதிரில் நிற்பது தெரியும்!

உளி நம் கையில் இருக்கிறது. கண் திறக்கும் வரை ஓயோம்!